நான்காவது மூலை

கல்லறைக்கு ஒரு கொடிக்கூடு வேண்டும் என்றுதான் போனேன்.
வெண்கலத்தில், கையகலம்,
மே மாதக் கடைசியில் சின்னக் கொடி செருக.
போருக்குப் போனவர்களுக்கு மட்டும்தான், என்றாள்
ஒட்டம்வா அலுவலகத்து ஜன்னலுக்குள் இருந்தவள்.
தாள் இருக்கிறதா?

முதல் போருக்குப் போனவர் என்று அப்பா சொன்னதுண்டு.
எந்தப் படை, எந்தக் கப்பல், நாங்கள் கேட்டதில்லை.
எனக்கு ஒன்பது வயதில் போய்ச் சேர்ந்தார் ஆர்வெல் மேபின்.
மிஞ்சியிருப்பது
ஜூலை வெயிலிலும் மணிக்கட்டுவரை பொத்தானிட்ட சட்டை,
ஒட்ட வெட்டிய தலை,
யார் படமெடுத்தாலும் தொப்பி விளிம்பைத் தாழ்த்தும் விரல்.
வெயில் ஆகாத உடம்பு என்று பேசிக்கொள்வோம்.

நூலகத்தின் நிலவறையில் படச்சுருள்கள்.
1942 ஏப்ரல். நரைத்தவர்களையும் வரிசையில் நிறுத்திய பதிவு.
வயது நாற்பத்தொன்பது. இறைச்சி ஆலையில் வேலை.
கண் பழுப்பு. உயரம் ஐந்தடி ஒன்பது.
இனம் என்ற இடத்தில் வெள்ளை என்ற கட்டத்தில் ஒரு குறி,
அழுத்தி, இருமுறை.
அங்க அடையாளம்: இடது கட்டைவிரலில் நகமில்லை.
பிறந்த ஊர் கோல்டர்ஸ் லேண்டிங், மிஸிஸிப்பி.

ஒஹாயோ என்றல்லவா சொன்னார்கள்?
ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவர்
இரண்டு குதிரைகளோடு வந்திறங்கினார் என்றல்லவா
எல்லா கிறிஸ்துமஸ் விருந்திலும் சொன்னார்கள்?

மேலும் இரண்டு சனிக்கிழமைகள்.
கோல்டர்ஸ் லேண்டிங், 1917, ஜூன் ஐந்து.
மேபின்கள் ஆறு பேர். ஐந்தாவது, ஆர்வெல்.
அதே பிறந்த நாள்.
அதே நகமில்லாத விரல்.
கையெழுத்தின் கடைசி எழுத்துக்கு அதே எலிவால்.
விலக்கு கோருகிறீரா? ஆம்.
காரணம்: தாய், ஒரு தங்கை. சம்பாதிப்பது நான் மட்டும்.

அட்டையின் இடது கீழ் மூலை இல்லை.
மூளிக் காது.
எலி கடித்திருக்கும் என்று அடுத்ததற்கு நகர்ந்தேன்.
அதிலும் இல்லை.
அதற்கடுத்து ஒரு மெக்கார்ட்னி, மர வியாபாரி;
அவருக்கு நான்கு மூலைகளும் இருந்தன.
நான்காவதில், எறும்பு ஊர்ந்தாற்போல் ஒரு வரி:
ஆப்பிரிக்க வம்சத்தவரானால் இம்மூலையைக் கிழித்துவிடவும்.

விசையைச் சுழற்றுவதை நிறுத்தினேன்.
பக்கத்து இயந்திரத்தில் யாரோ தும்மினார்கள்.

அன்றைக்கு எத்தனை முக்கோணங்கள் விழுந்திருக்கும்
அந்த மேசைக்கடியில்?
சாயங்காலம் துடைப்பத்தோடு வந்தவர் யார்?
அவருடையதும் அந்தக் குப்பையில் கிடந்ததா?

திரும்ப அயோவா அட்டைக்கு வந்தேன்.
முதல் முறை நான் வாசிக்காமல் விட்ட கேள்வி ஒன்று:
உமது முகவரியை என்றும் அறிந்திருக்கும் ஒருவர் பெயர்.
எல்லோரும் மனைவி பெயரை எழுதியிருக்கிறார்கள்,
ஓரிருவர் முதலாளி பெயரை.
இவர் எழுதியது: ஸிப்போரா மேபின், கோல்டர்ஸ் லேண்டிங்.

ஒரு கட்டத்தில் பொய்க்கு இரண்டு குறி.
அதே தாளில், நான்கு விரல்கடை தள்ளி,
பொய் சொல்ல முடியாத ஒரு கேள்வி.
நான்கு வீடு மாறினார் தாத்தா. நான்கையும் அவள் அறிந்திருந்தாள்.
எங்கள் வீட்டு வாசலில் அவள் ஒருநாளும் நின்றதில்லை.
நின்றிருந்தால் யாரென்று கேட்டிருப்போம்.

நகலுக்குக் கால் டாலர்.
கிழிபட்ட இடம் தாளில் வெறுமையாக வரும் என்று நினைத்தேன்.
கன்னங்கரேலென்று விழுந்தது,
ஒரு முழு முக்கோணம், விளிம்பு கூர்மையாக.

கிடைத்ததா, என்றாள் டார்லீன்.
பெயர் கொடுத்திருக்கிறார், என்றேன். போகவில்லை.
அப்படியானால் கொடி கிடையாதா?
கிடையாது.

கோல்டர்ஸ் லேண்டிங்கில் இப்போதும் மேபின்கள் பதினொரு பேர்.
எண்களை ஒரு உறையின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.
தொலைபேசிக்கு முன்னால் அரைமணி நேரமாக
சட்டைக்கையின் பொத்தானை
அவிழ்க்கிறேன்,
போடுகிறேன்.